மெய்டன்ஹெட் வழக்கு: கட்டட அனுமதி இருந்தது, பழைய பத்திரம் விடவில்லை

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் உள்ள மெய்டன்ஹெட்டில், குறைந்த வாடகைக் குடும்பங்களுக்காக 13 வீடுகள் கட்டப்பட்டன. உள்ளூர் மன்றத்தின் கட்டட அனுமதி முறைப்படி வாங்கப்பட்டிருந்தது. நிலம் கட்டியவருக்கே சொந்தம். கட்டுமானத்தில் குறையும் இல்லை. ஆனாலும் அந்த வீடுகளைக் கட்டியது உரிமை மீறல் என்ற நிலையிலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பர் 6 அன்று வந்த தீர்ப்பும் கட்டியவருக்கு எதிராகவே அமைந்தது. காரணம், 1972ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் இருந்த இரண்டு வரிகள்.

வழக்கின் பெயர் ‘அலெக்சாண்டர் டிவைன் சிறுவர் புற்றுநோய் அறக்கட்டளை எதிர் ஹவுசிங் சொல்யூஷன்ஸ்’. ஹவுசிங் சொல்யூஷன்ஸ் என்பது வீடுகளைக் கட்டிய நிறுவனத்திடமிருந்து பின்னர் அவற்றை வாங்கிய வீட்டுவசதி அமைப்பு. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை நீட்டிக் கட்ட நினைப்பவர் முதல் மனை பிரித்து விற்பவர் வரை, பத்திர நிபந்தனை உள்ள நிலத்தை வைத்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

1972 பத்திரம் சொன்னது

1972இல் அந்த நிலத்தின் உரிமையாளர் அதில் ஒரு பகுதியை விற்று, மீதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். வாங்கிய நிறுவனம் இரண்டு உறுதிகளைக் கொடுத்தது. முதலாவது, அந்தத் துண்டில் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது. இரண்டாவது, வாகனம் நிறுத்தும் திறந்த வெளியாகத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இப்படி நிலத்தின் பயன்பாட்டைக் கட்டிப்போடும் உறுதியை அங்கே ‘கவெனன்ட்’ என்கிறார்கள். நம் பேச்சில் பத்திர நிபந்தனை.

அந்த நிலம் பின்னர் மில்கேட் என்ற கட்டுமான நிறுவனத்தின் கைக்கு வந்தது. பக்கத்து நிலம், அதாவது 1972இல் விற்காமல் வைத்துக்கொண்ட பகுதி, 2012இல் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தான நோய் கொண்ட குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸ் இல்லம் ஒன்றை அறக்கட்டளை அங்கே கட்டத் திட்டமிட்டது. குழந்தைகள் சக்கர நாற்காலியில் உலவும் பாதையும் தோட்டமும் எல்லையை ஒட்டி வரவிருந்தன. வெறும் வாகன நிறுத்தமாக இருந்தவரை எவர் கண்ணும் படாத இடம் அது. 13 வீடுகள் எழுந்ததும் அவற்றின் சன்னல்கள் தோட்டத்தைப் பார்த்தபடி அமைந்தன.

இங்கே ஒரு கேள்வி வரும். உறுதி கொடுத்தது வேறொரு நிறுவனம், அந்த உறுதியைப் பெற்றவர் வேறொருவர். இருவருமே இப்போது இந்த நிலங்களில் இல்லை. பிறகு மில்கேட்டை எது கட்டுப்படுத்துகிறது? அறக்கட்டளைக்கு அதைக் கேட்கும் உரிமை எப்படி வந்தது?

லெஸ்டர் சதுக்கத்தில் தொடங்கிய விதி

ஒப்பந்தம் செய்தவர்களை மட்டுமே ஒப்பந்தம் கட்டும் என்பது பொது விதி. நிலத்துக்கு இதில் விலக்கு கிடைத்தது 1848இல். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தை டல்க் என்பவர் 1808இல் எல்ம்ஸ் என்பவருக்கு விற்றார். சுற்றிலும் இருந்த வீடுகள் டல்க்கிடமே இருந்தன. தோட்டத்தைக் கட்டடம் ஏதுமின்றித் திறந்த பூங்காவாகவே பராமரிப்பதாக எல்ம்ஸ் உறுதி கொடுத்தார். தோட்டம் பல கைகள் மாறி மோக்ஸ்ஹேயிடம் வந்தது. அவர் வாங்கிய பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதப்படவில்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது தனக்குத் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபடியே கட்டவும் முனைந்தார்.

நீதிபதி லார்ட் காட்டனம் தடையாணையை உறுதி செய்தார். அவர் காட்டிய நியாயத்தை இன்றும் எளிதாக விளக்கலாம். கட்டக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால்தான் நிலம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதை வாங்கியவர் மறுநாளே நிபந்தனையில்லா நிலம்போல இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்க முடியுமானால், முதலில் விற்றவர் ஏமாற்றப்படுகிறார். ஆகவே நிபந்தனையை அறிந்து வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

பிந்தைய வழக்குகள் இந்த விதிக்கு எல்லை போட்டன. 1881இல் ஹேவுட் வழக்கு, ‘செய்யக் கூடாது’ என்று தடுக்கும் நிபந்தனை மட்டுமே அடுத்த உரிமையாளரைத் தொடரும் என்றது. ‘பழுது பார், பணம் கட்டு’ என்று கைக்காசைச் செலவழிக்கச் சொல்லும் நிபந்தனை தொடராது. 1914இல் லண்டன் கவுண்டி கவுன்சில் எதிர் ஆலன் வழக்கு, நிபந்தனையால் பயன்பெறும் நிலம் ஒன்று அதைக் கேட்பவரிடம் இருந்தே ஆக வேண்டும் என்றது. நிலமே இல்லாமல் நிபந்தனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த உரிமையாளரைத் தடுக்க முடியாது. சட்டமே விலக்குக் கொடுத்த சில பொது அமைப்புகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

தடுப்பதா செய்யச் சொல்வதா என்பதை வாக்கியத்தின் வடிவத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. லெஸ்டர் சதுக்க நிபந்தனை ‘பூங்காவாகப் பராமரிக்க வேண்டும்’ என்றுதான் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்றம் அதில் அமல்படுத்தியது ‘கட்டாதே’ என்ற பகுதியை மட்டும். மறுபக்கம் 1994இல் ரோன் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கைப் பாருங்கள். சாமர்செட்டில் ஒரு பெரிய வீட்டின் கூரை பக்கத்துச் சிறு வீட்டின் மேலும் நீண்டிருந்தது. 1960இல் சிறு வீட்டை விற்றபோது, அந்தக் கூரைப் பகுதியை ஒழுகாமல் வைத்திருப்பதாகப் பெரிய வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். பெரிய வீடு கை மாறியது, கூரை ஒழுகத் தொடங்கியது. புதிய உரிமையாளரைப் பழுது பார்க்க வைக்க முடியாது என்று அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் தனியார் சாலை, சாக்கடை ஆகியவற்றின் பராமரிப்புப் பங்கு போன்றவற்றில் மட்டும், வசதியை அனுபவிப்பவர் செலவையும் ஏற்க வேண்டும் என்ற 1957இன் ஹால்சால் எதிர் பிரிசல் விதி ஓரளவு கைகொடுக்கும்.

மெய்டன்ஹெட் நிபந்தனைகளில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டுமே தடுக்கும் வகை. நிலப் பதிவேட்டில் பதிவாகி இருந்தன. பயன்பெறும் நிலம் ஒட்டியே இருந்தது. 1925க்குப் பிறகு எழுதப்பட்ட இத்தகைய நிபந்தனையின் பயன், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, தனியாக எழுதிக் கொடுக்காவிட்டாலும் நிலத்தோடு சேர்ந்தே போகும் என்று 1980இன் ஃபெடரேட்டட் ஹோம்ஸ் வழக்கு முடிவு செய்திருந்தது. அதனால் நிலத்தைத் தானமாகப் பெற்றவர் கைக்கு அந்த உரிமையும் வந்தது.

கட்டத் தொடங்கிய பிறகு

மில்கேட்டுக்கு வேறோர் இடத்தில் சந்தை விலை வீடுகள் கட்ட அனுமதி கிடைத்திருந்தது. அதற்கு ஈடாகக் குறைந்த வாடகை வீடுகளையும் கட்டித்தர வேண்டும் என்று மன்றத்தோடு ஒப்பந்தம் ஆனது. தராவிட்டால் சுமார் 16 லட்சம் பவுண்டு கட்ட வேண்டும். அந்தக் கடமைக்காகத் தேர்ந்த இடத்தில் மொத்தம் 23 வீடுகள். அவற்றில் 13 நிபந்தனைக்கு உட்பட்ட துண்டின் மேல் வரைபடத்தில் வைக்கப்பட்டன.

2014இல் அனுமதி வந்தது, அந்த ஜூலையில் வேலை தொடங்கியது. செப்டம்பரில் நிபந்தனையைச் சுட்டிக்காட்டி ஆட்சேபக் கடிதம் போனது. வேலை நிற்கவில்லை. 2015இல் வீடுகள் முடிந்த பிறகுதான், நிபந்தனையைத் தளர்த்தித் தரும்படி மேல் தீர்ப்பாயத்தின் நிலப் பிரிவில் மில்கேட் விண்ணப்பித்தது. கட்டுவதற்கு முன் பக்கத்து நிலத்தாரோடு பேசவும் இல்லை, தீர்ப்பாயத்தை நாடவும் இல்லை. இந்த வழக்கின் திருப்பமே இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பிக்க எந்த நாளிலும் தடை இருந்ததில்லை.

தளர்த்தும் அதிகாரம் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 84ஆவது பிரிவில் உள்ளது. சுற்றுப்புறம் மாறி நிபந்தனை காலாவதியாகிவிட்டது என்பது ஒரு காரணம். பயன்பெறுவோர் வெளிப்படையாகவோ நடத்தையாலோ சம்மதித்தது இன்னொன்று. தளர்த்துவதால் அவர்களுக்குக் கெடுதல் இல்லை என்பது மூன்றாவது. நடைமுறையில் அதிகம் எடுத்தாளப்படுவது 1969இல் சேர்க்கப்பட்ட நான்காவது காரணம். நிலத்தின் நியாயமான பயன்பாட்டை நிபந்தனை தடுக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அதோடு, அந்தத் தடுப்பு எதிர்த்தரப்புக்குக் குறிப்பிடத்தக்க நடைமுறைப் பயன் எதையும் தரவில்லை என்றோ, பொதுநலனுக்கு விரோதம் என்றோ காட்ட வேண்டும். இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட முடியும் என்பதும் தேவை.

2016இல் தீர்ப்பாயம் ஒரு பாதியில் அறக்கட்டளையின் பக்கம் நின்றது. அந்த நிபந்தனை ஹாஸ்பிஸுக்குத் தனிமையும் மறைவும் தருகிறது, அது கணிசமான பயன்தான் என்று ஏற்றது. ஆனால் குறைந்த வாடகைக்கான புத்தம்புது வீடுகள் காலியாகக் கிடப்பது பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லி, 1,50,000 பவுண்டு இழப்பீட்டோடு நிபந்தனையைத் தளர்த்தியது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதிப்படுத்தியது, ஆனால் வேறு வழியில்.

லார்ட் பரோஸ் எழுதிய தீர்ப்பு இரண்டு கட்டங்களைப் பிரித்துக் காட்டுகிறது. முதல் கட்டம், 84ஆவது பிரிவின் காரணம் நிரூபிக்கப்பட்டதா என்பது. அங்கே விண்ணப்பதாரரின் நடத்தைக்கு இடமில்லை. நிபந்தனை பயன்பாட்டைத் தடுப்பது பொதுநலனுக்கு விரோதமா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது கட்டம், காரணம் நிரூபணமான பிறகும் தளர்த்தத்தான் வேண்டுமா என்ற விருப்புரிமை. பொதுநலன் நிரூபணமானால் சாதாரணமாகத் தளர்த்துவதே முறை. ஆனால் லாபத்துக்காகத் தெரிந்தே பிறர் உரிமையை மீறியவரின் நடத்தை இங்கே கணக்கில் வரும்.

தீர்ப்பாயம் இரண்டு உண்மைகளை எடைபோடத் தவறியது என்றார் அவர். ஒன்று, அதே மனையில் நிபந்தனைக்கு உட்படாத பகுதி இருந்தது. வரைபடத்தை மாற்றியிருந்தால் ஹாஸ்பிஸைத் தொந்தரவு செய்யாமலே வீடு கட்டியிருக்கலாம். இரண்டு, கட்டும் முன்பே விண்ணப்பித்திருந்தால், ‘மாற்றுத் திட்டம் இருக்கிறதே’ என்ற பதிலே பெரும்பாலும் வந்திருக்கும். அப்போது பொதுநலன் வாதமே எழுந்திருக்காது. அதாவது, மில்கேட் தானே கட்டி எழுப்பிய வீடுகளைக் காட்டி, அவை வீணாகக் கூடாது என்று வாதிட்டது. தான் உண்டாக்கிய நிலையைத் தனக்கே சாதகமாக்கும் இந்த வழியை அடைத்ததுதான் தீர்ப்பின் முக்கியப் பங்களிப்பு.

நிபந்தனை தளர்த்தப்படவில்லை. வீடுகளை இடிக்கவும் அந்தத் தீர்ப்பு ஆணையிடவில்லை. தளர்த்துவதா மறுப்பதா என்பது தீர்ப்பாயத்தின் வேலை. மீறலுக்குத் தடையாணையா இழப்பீடா என்பது தனி வழக்கில் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

5 சதவீதக் கணக்கு

மில்கேட் ஏன் இந்த ஆபத்தில் இறங்கியது என்று புரிந்துகொள்ள 1974இன் ராதம் பார்க் வழக்கை அறிய வேண்டும். அங்கும் நிபந்தனையை மீறி 14 வீடுகள் கட்டப்பட்டன. தேவையுள்ள வீடுகளை இடிப்பது மன்னிக்க முடியாத வீணடிப்பு என்று கருதிய நீதிபதி இடிக்க மறுத்து இழப்பீடு விதித்தார். முன்கூட்டிக் கேட்டிருந்தால் நியாயமாக என்ன விலை பேசப்பட்டிருக்கும் என்பது அளவுகோல். எதிர்பார்த்த லாபம் 50,000 பவுண்டு, அதில் 5 சதவீதம், ஆக 2,500 பவுண்டு.

இந்தத் தொகையைப் பார்க்கும் கட்டுமானக்காரர் மனத்தில் என்ன கணக்கு ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகமாகக் கட்டி முடித்துவிட்டால் கட்டடமே காவல், செலவு சிறு சதவீதம். எப்போதும் அப்படி நடக்காது. 1982இன் வேக்கம் எதிர் உட் வழக்கில், கடல் காட்சியை மறைத்துத் தெரிந்தே எழுப்பிய கட்டடத்தை அகற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. மெய்டன்ஹெட் தீர்ப்பு 5 சதவீதக் கணக்கின் இன்னொரு காலையும் தட்டிவிட்டது. கட்டியவர் இழப்பீடு கட்டினாலும் பத்திரத்தில் நிபந்தனை அப்படியே நிற்கும். அடுத்து வாங்க வருபவரின் வழக்கறிஞர் அதைப் பார்ப்பார், கடன் தரும் வங்கியும் பார்க்கும்.

வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டிய வரிசை

தனி வீட்டில் இது பெரும்பாலும் சிறிய உருவில்தான் வரும். ‘ஒரே ஒரு குடியிருப்பு வீடு’, ‘வீட்டின் முன்கோட்டுக்கு முன்னால் வேலி வேண்டாம்’, ‘வியாபாரம் கூடாது’, ‘வரைபடத்துக்கு விற்றவரின் சம்மதம் வேண்டும்’, ‘கேரவன் நிறுத்தக் கூடாது’ என்பவை அடிக்கடி காணும் வாசகங்கள். பின்பக்க நீட்டிப்பு, கொல்லையில் தனி அறை, வீட்டை இரண்டு பிளாட்டாகப் பிரிப்பது, தோட்டத்தில் இன்னொரு வீடு ஆகிய நான்கும் அவற்றோடு மோதக்கூடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமைப் பதிவேடு மூன்று பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி சொத்தைச் சொல்லும், இரண்டாவது உரிமையாளரை, மூன்றாவது சுமைகளை. தடுக்கும் நிபந்தனை மூன்றாவதில் வரும். பதிவேட்டில் முழு வாசகம் இல்லாமல், இன்ன தேதிப் பத்திரத்தில் நிபந்தனை உள்ளது, நகல் கோப்பில் உள்ளது என்று மட்டும் இருந்தால், அந்த நகலைத் தனியாக வாங்கிப் படிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதுதான் மிகப் பொதுவான தவறு. நகலோடு வரும் வரைபடத்தின் வண்ணக் கோடுகள் முக்கியம். நிபந்தனை மனை முழுவதற்குமா, வண்ணமிட்ட ஒரு பட்டைக்கு மட்டுமா என்பது அங்கேதான் தெரியும். மெய்டன்ஹெட்டில் 23 வீடுகளில் 10க்குச் சிக்கல் வராததும் இந்தக் கோட்டால்தான்.

அடுத்தது, பயன்பெறும் நிலம் இன்று யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரே நிலக்காரர் முழு லேஅவுட்டையும் ஒரே மாதிரி நிபந்தனைகளோடு மனைகளாக விற்றிருந்தால், 1908இன் எலிஸ்டன் எதிர் ரீச்சர் வழக்கின்படி ஒவ்வொரு மனைக்காரரும் மற்றவர்மேல் அமல்படுத்தலாம். ஒரு பக்கத்து வீட்டாரிடம் மட்டும் விடுதலைப் பத்திரம் வாங்கினால் அவர் பங்கு மட்டும்தான் விடுபடும். பயன்நிலம் 20 மனையாகப் பிரிந்திருந்தால் 20 பேரின் கையெழுத்தும் வேண்டும். அந்த நிலத்தின்மேல் வீட்டுக் கடன் இருந்தால் கடன் கொடுத்த வங்கியின் சம்மதமும் வாங்குவதே பாதுகாப்பு. கையெழுத்தான பத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் விற்கும்போது அதே கேள்வி திரும்ப வரும்.

நிபந்தனை மீறல் காப்பீடு என்று ஒன்று உண்டு. ஒருமுறை பிரீமியம் கட்டினால், பின்னாளில் யாராவது வழக்குப் போட்டால் இழப்பை ஈடுசெய்யும். ஆனால் பல பாலிசிகளின் அடிப்படை நிபந்தனை, பயன்பெறுபவரை நீங்கள் தொடர்புகொண்டிருக்கக் கூடாது என்பது. பக்கத்து வீட்டாரிடம் நல்லெண்ணத்தோடு பேசிப் பார்த்துவிட்டு மறுநாள் பாலிசி கேட்டால் கிடைக்காமல் போகலாம். பேசுவதா, காப்பீடா, தீர்ப்பாயமா என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் முதல் கடிதத்தை எழுத வேண்டும். புதிதாகக் கட்டப்போகிறவர், எதிர்க்கக்கூடிய ஆள் யாரென்று தெரிந்த நிலையில், காப்பீட்டை நம்பிக் கட்டுவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. மெய்டன்ஹெட் தீர்ப்புக்குப் பின் அது இன்னும் பலவீனமான வழி.

தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் அஸ்திவாரம் தோண்டும் முன் போக வேண்டும். கட்டட அனுமதி இருப்பது அங்கே பயனுள்ள சான்று, ஏனென்றால் அனுமதி வழங்கும் போக்கைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கச் சட்டமே சொல்கிறது. ஆனால் அனுமதி நிபந்தனையை நீக்காது. மன்றம் ஊரின் திட்டத்தைப் பார்க்கிறது, நிபந்தனை பக்கத்து நிலத்தாரின் சொத்துரிமை. மாற்று வரைபடம் ஏன் ஒத்துவராது என்பதற்கான விளக்கத்தையும் விண்ணப்பத்தோடு சேர்ப்பது நல்லது. மில்கேட் தோற்றது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டுப் பத்திரங்களில்

லெஸ்டர் சதுக்க விதி 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆவது பிரிவாக இந்தியாவிலும் இருக்கிறது. 11ஆவது பிரிவின்படி, முழு உரிமையோடு விற்றுவிட்டு ‘இப்படித்தான் அனுபவிக்க வேண்டும்’ என்று வாங்கியவருக்குக் கட்டளையிடுவது செல்லாது. விற்றவர் தன்னிடம் வைத்துக்கொண்ட வேறொரு நிலத்தின் நல்ல அனுபவத்துக்காகப் போட்ட கட்டுப்பாட்டுக்கு மட்டும் விலக்கு. மூல மனைக்காரர் பக்கத்தில் நிலமே வைத்திருக்காமல் எழுதிய நிபந்தனையை எதிர்கொள்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதை. இங்கிலாந்துச் சட்டத்தின் 84ஆவது பிரிவைப் போன்ற தளர்த்தும் வழி இந்த இந்தியச் சட்டத்தில் இல்லை.

வில்லங்கச் சான்றில் பத்திரத்தின் வகை, தேதி, தரப்பினர், சொத்து விவரம் வரும். பத்திரத்துக்குள் இருக்கும் நிபந்தனை வாசகம் வராது. ஆகவே லேஅவுட் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் வரை உள்ள பத்திரங்களின் நகல் எடுத்து, வழி, திறந்தவெளி, கட்டட உயரம், பயன்பாடு பற்றிய வரிகளைத் தேட வேண்டும். பதிவான பத்திரத்தில் உள்ளதை வாங்குபவர் அறிந்ததாகவே சட்டம் பெரும்பாலும் கொள்ளும். தானமாக வந்த நிலம் என்றால் இந்த ஆய்வு இன்னும் அவசியம். பணம் கொடுத்து, நிபந்தனையை அறியாமல் வாங்கியவருக்குத்தான் 40ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இலவசமாகப் பெற்றவர், தனக்குத் தெரியாது என்று சொல்லி அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது.